படகை விட்டு இறங்கினவள்

உக்காருங்க ஐயரம்மா. அந்த நாற்காலி வேண்டாம், ஆடும். இதுல உக்காருங்க. இந்த ஊர்ல குருவானவர் வீட்டம்மாவை நாங்க ஐயரம்மான்னுதான் கூப்பிடுவோம். நீங்க மெட்ராஸ்ல வளந்தவங்கன்னாங்க, கேக்கப் புதுசா இருக்கும். பழகிரும்.

நீங்க வீடு வீடா சந்திக்க வாறீங்கன்னு தெரிஞ்சதுமே நெனச்சேன், இங்க வாறதுக்கு முந்தி யாராவது என்னைப் பத்தி, எப்சிபா டீச்சர் அப்படி இப்படின்னு ஓதியிருப்பாங்கன்னு. ஓதினாங்களா? இல்லையா? நீங்க நல்லவங்க, மறைக்கீங்க. இருக்கட்டும். நானே சொல்லிருதேன். அவங்க சொன்னதையும் நான் சொல்லுறதையும் நீங்களே ஒப்பிட்டுப் பாத்துக்கிடுங்க.

இந்த ஹால் இருக்குல்லா, இதுலதான் வருஷக்கணக்கா வெள்ளிக்கிழமை ஜெபக்கூட்டம் நடந்துச்சு. பெண்களுக்கு மட்டும். பாய் விரிச்சு, மிச்சம் பேர் வராண்டாவுல உக்காந்து, சாயங்காலம் ஆனா பாட்டுச் சத்தம் தெரு முக்கு வரைக்கும் கேக்கும். இப்பம் பாருங்க, பல்லி கத்துறது கேக்கு. பழைய ஐயர் மாறிப்போறதுக்கு முந்தி செஞ்ச கடைசிக் காரியம், இந்தக் கூட்டத்தை நிறுத்தினது. ஒரு பொம்பளை சொன்ன வார்த்தைக்காக. அதுவும் யாரு? நான் கையைப் பிடிச்சுக் கூட்டியாந்தவ. அவளாலதான்.

செண்பகவல்லின்னு பேரு. நம்ம தெருவுலயே நாலு வீடு தள்ளி, பச்சைக் கேட்டு வீடு. புருஷன் சுடலைமணி, மோட்டார் வைண்டிங் கடை வச்சிருக்கான். அவன், அவன் அம்மா பேச்சியம்மா, இவ, ஒரு பொம்பளைப் பிள்ளை தன்ஷிகா. அந்தப் பிள்ளை ரெண்டாங் கிளாஸோ என்னமோ. நம்ம ஆளுங்க இல்ல, சாமி கும்பிடுறவங்க.

அவளுக்கு ரெண்டாவது பிள்ளை செத்துப் பொறந்துச்சு. ஆம்பளைப் பிள்ளை. அதுக்குப் பொறவு அவ ஒரு மாதிரி ஆயிட்டா. வாசல் தெளிக்க வருவா, வாளியை வச்சுக்கிட்டு அப்படியே நிப்பா. தண்ணி தெளிக்க மாட்டா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். ஒரு வெள்ளிக்கிழமை நாங்க பாடிக்கிட்டிருக்கும்போது காம்பவுண்டுச் சுவரை ஒட்டி நிக்கா. "உள்ள வாட்டி"ன்னேன். வந்து கடைசியில சுவத்துல சாஞ்சு உக்காந்தா. பாட்டு முடியுமுன்ன தூங்கிட்டா. வாயைத் திறந்துக்கிட்டு, சின்னப்பிள்ளை மாதிரி. எழுப்பினப்ப சொன்னா, "டீச்சர், பிள்ளை போனதுக்குப் பொறவு இன்னைக்குத்தான் கனாக் காணாமத் தூங்கினேன்."

அன்னையிலேர்ந்து வாரம் தவறாம வந்தா. புருஷன்காரன் ஒண்ணும் சொல்லல. அதையும் உள்ளபடி சொல்லிருதேன், எனக்கு ஒளிவு மறைவு கிடையாது. எங்க வீட்டு மோட்டார் பழுதாகி அவனைக் கூப்பிட்டப்ப, கழட்டிக்கிட்டே சொன்னான், "இங்க வந்துட்டு வந்தா சோறு திங்கா டீச்சர். சிரிக்கக்கூடச் செய்தா. அவ எந்தச் சாமியக் கும்பிட்டா எனக்கென்ன. எங்க கோயில் கொடைத் திருவிழாவுக்கு மட்டும் வந்து எங்கம்மா பக்கத்துல நின்னாப் போதும்." மோட்டாருக்குக் கூலியும் வாங்கல.

நல்லவன்தான். ஆனா அங்கதான் ஐயரம்மா, ஆபத்தே இருக்கு. கெட்ட புருஷன்னா ஒரு பொம்பளை ஆண்டவரை இறுகப் பிடிச்சுக்கிடுவா. நல்ல புருஷன் அமைஞ்சா, இதுவும் வச்சுக்கிடுவா, அதுவும் வச்சுக்கிடுவா. வெள்ளிக்கிழமை இங்க முழங்கால், செவ்வாய்க்கிழமை அங்க விளக்கு. அந்த விசுவாசம் எதுக்கு ஆகும்? அந்த வருஷம் கன்வென்ஷன் பந்தல்ல பேச வந்திருந்த பிரசங்கியார், ஆண்டவர் கூப்பிட்டதும் சீஷன் படகை விட்டு இறங்கித் தண்ணி மேல நடந்தாருல்லா, அந்த வசனத்தை வச்சு அருமையாச் சொன்னாரு. படகுக்குள்ள உக்காந்துக்கிட்டு கடலைப் பத்திப் பேசாதீங்க, இறங்குங்க, கால் நனைஞ்சாத்தான் அவர் கை தெரியும்னாரு. நான் அதை அப்படியே பிடிச்சுக்கிட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டத்துல கேட்டேன், "இங்க யாரு படகை விட்டு இறங்கப் போறீங்க?"

எல்லாரும் தலையைக் குனிஞ்சுக்கிட்டாங்க. நம்ம பெண்கள் அப்படித்தான். இறங்குறதுக்கு அவங்களுக்கு என்ன இருக்கு சொல்லுங்க. பரம்பரைக் கிறிஸ்தவங்க. நான் பொறந்ததே மிஷன் காம்பவுண்டுல. நாங்க எங்கேர்ந்து எங்க இறங்க? செண்பகம் மட்டும் என்னையே பாத்துக்கிட்டிருந்தா.

மொதல்ல சின்னக் காரியம்தான் சொன்னேன். நெத்தியில பொட்டை அழின்னேன். அவ தயங்கினா. "காலையில கடைக்குப் போறதுக்கு முன்ன அவர்தான் வச்சுவிடுவார் டீச்சர். கல்யாணமான நாள்லேர்ந்து. வெளையாட்டுப் போல." "அதனாலதான் சொல்லுதேன்"னேன். "நீ எதை விடமாட்டேங்கியோ அதைத்தான் ஆண்டவர் கேப்பார்." அழிச்சுட்டா. மறுநாள் அவன் விரல்ல குங்குமத்தோட நின்னானாம், இவ முகத்தைத் திருப்பிக்கிட்டாளாம். அவன் அந்த விரலைச் சட்டையில துடைச்சுட்டுக் கடைக்குப் போயிட்டானாம். அவ்வளவுதான், சண்டை கிண்டை ஒண்ணும் இல்ல. அவ வந்து அதைச் சொல்லி அழுதப்ப, எங்க கூட்டத்துல நனையாத கண்ணு ஒண்ணுகூட இல்ல. அன்னைக்கு ஜெபம் ஜெபமா இருந்துச்சு.

பொறவு கொடை வந்துச்சு. அவங்க குடும்பக் கோயில் கொடை. மருமகள்தான் பொங்கல் வைக்கணும், அதுதான் அவங்க முறை. அவ கேட்டா, "வெறும் அரிசியும் வெல்லமும்தானே டீச்சர், அத்தைக்காகக் கிண்டி இறக்கிட்டு வந்திருதேனே? கும்பிட மாட்டேன்." நான் ஒரே வார்த்தை சொன்னேன். "போனா, வெள்ளிக்கிழமை இங்க வராத."

ஏன் அப்படிப் பாக்கீங்க? கண்டிக்காம எப்படி வளக்க? வகுப்புக்கு நாப்பது பிள்ளைன்னு கணக்கு சொல்லிக் குடுத்தவ நான். கண்டிப்பு இல்லாம ஒரு பிள்ளைக்கும் கணக்கு ஏறினதில்ல.

அவ போகல. வீட்டுலயே இருந்துட்டா. கோயில்ல எல்லா வீட்டுப் பொம்பளைகளும் அடுப்பு மூட்டி வரிசையா நிக்க, இவங்க அடுப்புல ஆள் இல்ல. மாமியாருக்குக் கண்ணு ரெண்டும் புரை. அதனால சுடலைமணியே குத்த வச்சு உக்காந்து பொங்கல் வச்சானாம். ஊர் ஆம்பளைகள்லாம் சுத்தி நின்னு, என்னலே சேலை கட்டிக்கிட்டு வந்திருக்கலாம்லான்னு சிரிச்சாங்களாம். பானையை இறக்கத் தெரியாம இறக்கி, உள்ளங்கை பூரா வெந்து போச்சு. செண்பகம் ஓடி வந்தா. "டீச்சர், அவர் கை கொப்பளிச்சுட்டு. அந்தக் கையாலதான் கம்பி சுத்தணும். ஒரு வார்த்தை என்னைத் திட்டல டீச்சர். திட்டியிருந்தா நல்லாருக்கும்."

"ஸ்தோத்திரம் சொல்லு"ன்னேன். அவ சொன்னா.

அந்த வாரம் எங்க கூட்டம் எப்படி இருந்துச்சு தெரியுமா? வெளித் தெருவுலேர்ந்தெல்லாம் ஆள் வந்தாங்க. எமீமாள் அக்கா, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், கொயர்ல ஆர்மோனியம் வாசிப்பாங்களே, அவங்க எந்திரிச்சு நின்னு சொன்னாங்க, "இந்தப் பிள்ளையப் பாத்து என் விசுவாசம் ஒரு படி ஏறிட்டு"ன்னு. எல்லாருக்கும் ஏறிச்சு. எனக்கும்தான். அப்படி ஒரு பெலன். அவளுக்கு மட்டும் கொஞ்சம் மெலிவு தட்டியிருந்துச்சு.

இந்த இடத்துல ஒண்ணு சொல்லிருதேன். யாராவது சொல்லாம விட மாட்டாங்க. என் மகன் ரூபன் புனேயில இருக்கான்லா, அவன் கூட வேலை பாக்குற மராத்திப் பொண்ணைக் கட்டினான். கல்யாணம் அவங்க முறைப்படி. போனேன். பெத்தவ போகாம இருக்க முடியுமா? ஹோமத்துல பொரி போடச் சொன்னாங்க, போட்டேன். மரியாதைக்குப் போட்டது. மனசுக்குள்ள சங்கீதம்தான் சொல்லிக்கிட்டிருந்தேன். சம்பந்தி வீடு பெரிய இடம், அங்க போயி முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு நின்னா என் பிள்ளைக்குத்தானே தலைகுனிவு? அது வேற, இது வேற. பழைய ஐயர் இதைப் போயி செண்பகம் கதையோட முடிச்சுப் போட்டுப் பேசினாரு பாருங்க, அதான் எனக்கு ஆறல.

சரி. விட்ட இடத்துக்கு வாறேன்.

அடுத்த வருஷம் கன்வென்ஷன்ல, ஆண்டவர் தனக்குச் செஞ்சதை மேடையேறிச் சாட்சி சொல்ல எங்க கூட்டத்துலேர்ந்து ஒரு ஆள் கேட்டாங்க. வேற யாரு? செண்பகம்தான். அவளுக்குப் பயம். "வீட்டுக்குள்ள என்ன வேணா செய்தேன் டீச்சர். மேடை வேண்டாம். அவருக்குத் தெரிஞ்சவங்கள்லாம் வருவாங்க." "இதுதான் உன் கடல்"னேன். "இதுல இறங்கலன்னா இதுக்கு முன்ன இறங்கினது எல்லாம் குளத்தங்கரையில கால் கழுவினதுக்குச் சமானம்." ஒரு வாரம் இந்த ஹால்லயே வச்சுச் சொல்லிக் குடுத்தேன்.

அவ சொல்லிப் பாத்தது எப்படி இருந்துச்சுன்னா, என் பிள்ளை செத்துப் பொறந்துச்சு, தூக்கம் வரல, இங்க வந்தேன், தூங்கினேன். அவ்வளவுதான். இதை யாரு கேப்பா? ஆயிரம் பேர் உக்காந்திருக்கிற பந்தல்ல இது எடுபடுமா? இருட்டு இருந்தாத்தானே ஐயரம்மா வெளிச்சம் தெரியும்? கேட்டேன், "உன் புருஷன் குடிப்பானா?"

"இல்ல டீச்சர். கல்யாணமான புதுசுல குடிப்பார். தன்ஷிகா பொறந்ததும் விட்டுட்டார்."

"அப்பம் குடிச்சார்தானே? அதைச் சொல்லு."

"விட்டுட்டாரே."

"விட்டதை விடு."

 பொறவு, "அது பொய்யில்லையா டீச்சர்?"ன்னா. "குடிச்சது பொய்யா?"ன்னேன். "இல்ல." "பொறவென்ன?"

கன்வென்ஷன் அன்னைக்கு அவ மேடையேறி மைக்கைப் பிடிச்சா. நான் முதல் வரிசையில உக்காந்திருந்தேன், அவ என் முகத்தைப் பாத்துக்கிட்டே பேசட்டும்னு. பிள்ளை செத்ததைச் சொன்னா. ஜனங்க ஒரு அளவுக்குத்தான் கேட்டாங்க, பின்னால பேச்சுச் சத்தம். பொறவு, "எங்க வீட்டுக்காரர் குடிப்பார்"ன்னா. பந்தல் அப்படியே அடங்கிச்சு. அவளும் நிறுத்திட்டா. அடுத்தது என்னன்னு எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க. எனக்குப் பதறிட்டு. கீழேர்ந்து கையை ஓங்கிக் காட்டினேன். அடின்னு வாயை அசைச்சேன். அவ என்னையே பாத்தா. பொறவு சொன்னா, "அடிப்பார்."

ஐயோ, அந்தச் சத்தத்தை நீங்க கேட்டிருக்கணும். அல்லேலூயா அல்லேலூயான்னு பந்தலே எந்திரிச்சு நின்னுச்சு. பிரசங்கியார் அவ தலையில கை வச்சு ஜெபிச்சாரு. இறங்கி வந்தவளைக் கட்டிப் பிடிச்சேன். ஒடம்பு பச்சைத்தண்ணி மாதிரி இருந்துச்சு. காதுல மெதுவா, "நான் அதைச் சொல்லியிருக்கக் கூடாது டீச்சர்"ன்னா. சாத்தான் அப்படித்தான் உடனே வந்து பேசுவான்னு தேத்தினேன்.

யாரோ செல்லுல படம் பிடிச்சுட்டாங்க. விடியுமுன்ன அது வாட்ஸ்அப்புல ஊர் முழுக்கப் போயிட்டு. மோட்டாரு கொண்டுக்கிட்டு வந்த ஆளுக அவன் கடையில நின்னுக்கிட்டே அதைப் போட்டுக் காட்டியிருக்காங்க. என்னலே மணி, வீட்டுல தினமும் பூசையாமேன்னு. அவன் கடையைப் பூட்டிட்டு வந்தான். கத்தல. மகளை மடியில வச்சுக்கிட்டு, பொண்டாட்டிய எதுத்தாப்புல உக்கார வச்சு, ஒண்ணே ஒண்ணுதான் கேட்டானாம். "நான் உன்னை எப்பம் அடிச்சேன்?"



பொறவு மடியில இருந்த மகள்ட்டக் கேட்டானாம். "நீ சொல்லு, தன்ஷிகா. அப்பா அம்மாவ எப்பம் அடிச்சேன்?" அந்தப் பிள்ளை, "அப்பா அடிக்க மாட்டாங்க"ன்னுச்சாம். "அப்பம் அம்மா ஏன் அப்படிச் சொன்னா?"ன்னு அவன் கேக்க, பிள்ளை இவ முகத்தைப் பாத்துச்சாம். அதைச் சொல்லித்தான் செண்பகம் பொறவு ஏங்கி ஏங்கி அழுதா. கிளம்பிப் போன்னுட்டான். பிள்ளையக் குடுக்க முடியாது, பொய் சொல்லுறவகிட்ட என் மக வளர வேண்டாம்னுட்டான்.

மறுநாள் காலையில பதினோரு மணி இருக்கும். நான் பீன்ஸ் நறுக்கிக்கிட்டிருக்கேன். கேட்டுல வந்து நிக்கா, கையில ஒரு பை. அப்பன் ஆத்தா இல்ல, ஒரு அண்ணன் திருப்பூர்ல பனியன் கம்பெனியில, ஒரே ரூமுல நாலு பேரோட இருக்கான். போக்கிடம் இல்ல. "டீச்சர், ரெண்டு நாளைக்கு இங்க இருந்துக்கிடட்டுமா? அவர் கோபம் ஆறுற வரைக்கும்."

நீங்க இந்த வீட்டைப் பாக்கீங்க, தெரியுது. ஆமா, பெருசுதான். மாடியில ரூபன் ரூம் சும்மாதான் கெடக்கு. அவன் வருஷத்துக்கு ஒருக்கா வருவான், ஏசி எல்லாம் போட்டு வச்சிருக்கேன். அவளை அங்க படுக்க வைக்க எனக்கு எவ்வளவு நேரம் ஆயிருக்கும்? ஆனா நான் யோசிச்சேன். ஜெபிச்சேன். இந்த நாற்காலியில உக்காந்து கண்ணை மூடினேன், அவ வாசப்படியில நிக்கா. எனக்கு உள்ளுக்குள்ள தெளிவா வந்துச்சு. சொன்னேன், "செண்பகம், இன்னைக்கு நான் கதவைத் தொறந்தா நீ என்னை நம்புவ. ஆண்டவரை நம்ப மாட்ட. இத்தன தூரம் வந்துட்டு, கடைசியில என் வீட்டைப் பிடிச்சுக்கிட்டு நிக்கப் போறியா? போ. அவரே உனக்கு ஒரு வாசல் தொறப்பார்."

அவ அழல. "சரி டீச்சர்"ன்னா. தண்ணி கேட்டா. குடுத்தேன். குடிச்சுட்டு டம்ளரைக் கவுத்தி வச்சுட்டுப் போனா. எனக்கு எவ்வளவு கஷ்டமா இருந்துச்சு தெரியுமா? அன்னைக்குச் சாப்பாடே இறங்கல. பீன்ஸ் பொரியல் அப்படியே மிஞ்சிட்டு. அவளுக்கு இருந்ததை விட எனக்குத்தான் அந்தச் சோதனை பெருசு. யாரும் அதை நெனைச்சுப் பாக்க மாட்டேங்காங்க.

பஸ் ஸ்டாண்டுல போயி உக்காந்திருக்கா. சாயங்காலம் வரைக்கும். நம்ம சர்ச்சுல மணியடிக்கிற கோயில்பிள்ளை வழியில பாத்து, பழைய ஐயர்ட்ட சொல்லி, அவர் போயி கூட்டியாந்து, பெண் பிள்ளைகள் ஹாஸ்டல் ஒண்ணுல சமையலுக்குச் சேத்துவிட்டாரு. பாத்தீங்களா? நான் சொன்ன மாதிரியே ஆண்டவர் வாசல் தொறந்தாரா இல்லையா? ஐயர்ட்டயே கேட்டேன், "பாத்தீங்களா ஐயா"ன்னு. என்னை அப்படி ஒரு பார்வை பாத்தாரு.

கூட்டம் நடந்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. செண்பகம் வரல, ஹாஸ்டல்ல சாயங்காலம் வேலை. ஞாயித்துக்கிழமை நம்ம கோயிலுக்கு மட்டும் வருவா, பின்னால தூண் பக்கத்துல உக்காருவா. மத்த நாள்ல மத்தியானம் பள்ளிக்கூடத்துக்குப் போயி, இடைவேளையில மகளைக் கம்பி வழியாப் பாத்துட்டு வருவாளாம். பிள்ளை மொதல்ல ஓடி வருமாம். பொறவு பொறவு, அப்பனைப் பெத்த ஆச்சி வையும்னு தூரத்துல நின்னு பாத்துட்டு வகுப்புக்குள்ள போயிருமாம்.

மூணு மாசம் இருக்கும். ஒரு ஞாயித்துக்கிழமை ஆராதனையில ஐயர், யாராவது சாட்சி சொல்லணுமான்னு கேட்டாரு. செண்பகம் எந்திரிச்சா. எனக்குச் சந்தோஷம். நம்ம பிள்ளை எந்திரிக்குன்னு பக்கத்துல இருந்தவங்ககிட்டயே சொன்னேன். அவ முன்னால வந்து நின்னா. மைக்கைக்கூட வாங்கல.

"நான் கன்வென்ஷன்ல பொய் சொன்னேன்"ன்னா. "எங்க வீட்டுக்காரர் குடிக்கிறதை விட்டு ஏழு வருஷம் ஆச்சு. என்னை ஒரு நாளும் அடிச்சதில்ல. கையை ஓங்கினதுகூட இல்ல. சொல்லச் சொன்னாங்க, நான் சொன்னேன். சொன்னது என் வாய், அதனால அது என் பாவம். அவரைத் தெரிஞ்சவங்க இங்க இருந்தா அவர்கிட்ட இதைச் சொல்லுங்க."

என் பேரைச் சொல்லல. சொல்லவே இல்ல. ஆனா எத்தனை தலை என் பக்கம் திரும்புச்சு தெரியுமா? ஹாஸ்டல் வார்டன் நம்ம எமீமாள் அக்காவுக்குச் சொந்தம். சபையோட சாட்சியைக் கெடுத்தவளுக்கு இங்க வேலை எதுக்குன்னு அந்த வார்டன் அன்னைக்கே பேச்சு எடுத்தாங்க. வேலை போகும்னு தெரிஞ்சுதான் எந்திரிச்சிருக்கா, அவ்வளவு திமிரு. ஐயர் தலையிட்டுத்தான் அது நின்னுச்சு. அடுத்த வாரமே கமிட்டியக் கூட்டி, எப்சிபா டீச்சர் வீட்டுல இனிக் கூட்டம் வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாரு. அங்க வச்சுத்தான் என் மகன் கல்யாணத்தையும் இழுத்தாரு. "அடுத்தவங்க பிள்ளைய கடலுக்குள்ள தள்ளிவிட்டுட்டு, நம்ம பிள்ளைக்குக் குடை பிடிச்சோம்"னாரு. ஒரு குருவானவர் பேசுற பேச்சா இது? முப்பது வருஷம் நான் காணிக்கை எடுத்த கோயில்ல?

நான் ஒரு மனுஷின்னு நெனைச்சு யாராவது ஒருத்தர் எனக்காகப் பேசினாங்களா? விசுவாசம் ஏறுச்சுன்னு சொன்னவங்க எல்லாம் வாய மூடிக்கிட்டாங்க. எமீமாள் அக்கா உள்பட.

இருங்க, இருங்க. முடிக்கலியே. போன வாரம் நடந்ததைச் சொல்லிருதேன்.

அவ கோயில்ல சொன்னது சுடலைமணி காதுக்குப் போயிட்டு. அவன் ஹாஸ்டலுக்குப் போயி அவளைப் பாத்திருக்கான். வெளிக் கேட்டுல நின்னு பேசியிருக்காங்க. "அந்தச் சாமிய விட்டுருவியா?"ன்னு கேட்டானாம். "சாமிய விட மாட்டேன். பொய்யத்தான் விட்டேன்"ன்னாளாம். அவன் கொஞ்சம் யோசிச்சுட்டு, சரின்னானாம். கும்பிட்டுக்கோ, வான்னானாம். ஆனா அம்மா ஒத்துக்கிட மாட்டேங்கா. ஊர் முன்னால என் மகனை அசிங்கப்படுத்தினவ, நாளைக்கு இன்னொண்ணு சொல்லுவாங்கா கிழவி. தன் தம்பி மக ஒருத்திய அவனுக்குப் பேசி முடிக்கணும்னு ஒத்தக் கால்ல நிக்கா. அதனால அவன் சொல்லியிருக்கான், "அந்த டீச்சர் ஒரு தடவ எங்க வீட்டுக்கு வந்து எங்கம்மா முன்னால, நான்தான் சொல்லச் சொன்னேன்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். படிச்சவங்க, வயசானவங்க, அவங்க சொன்னா அம்மா கேப்பா. வியாழக்கிழமை மாமன் வீட்டுல கல்யாணம் பேச வாறாங்க. அதுக்குள்ள சொன்னா நான் பேச்சை முறிச்சிருதேன்."

வியாழக்கிழமை சாயங்காலம் அவ இங்க வந்தா. அதே கேட்டுல. நல்ல சேலை கட்டியிருந்தா, நெத்தியில ஒண்ணும் இல்ல. விஷயத்தைச் சொன்னா. "நாலு வீடுதான் டீச்சர். நான் கூட வாறேன். நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும், உடனே திரும்பிரலாம்."

நீங்களே சொல்லுங்க ஐயரம்மா. நான் அந்தப் படியேறலாமா? அந்தக் கிழவி விளக்கமாத்தை எடுத்தா? சொந்தக்காரங்க பூரா உக்காந்திருக்காங்க, அதுல ஒருத்தன் செல்லுல படம் பிடிச்சுப் போட்டா? ரூபனோட மாமியார் வீட்டுல பாத்தா என்ன நெனைப்பாங்க? நாப்பது வருஷமாச் சேத்த பேரு. அதைக் கொண்டுபோயி ஒரு வைண்டிங் கடைக்காரன் வீட்டு நடையில கொட்டுறதா? ஆண்டவர் புத்தியும் குடுத்திருக்காருல்லா. எதுக்குன்னு ஒரு கணக்கு வேண்டாமா?

பக்குவமாத்தான் சொன்னேன். "செண்பகம், எனக்கு முட்டு வலி. நீ போ. நான் இங்கேர்ந்தே உனக்காக ஜெபிக்கேன்."

அவ என்ன சொன்னா தெரியுமா? குரலை ஒசத்தக்கூட இல்ல. "ஜெபத்தை நான் பண்ணிக்கிடுதேன் டீச்சர். நீங்க நடந்து வாங்க."

எங்கிட்ட! நான் முழங்கால் போடச் சொல்லிக் குடுத்தவ. எனக்கு வந்த கோபத்துக்கு, கதவைச் சாத்திட்டு உள்ள வந்துட்டேன்.

பொறவு காஞ்ச துணியை எடுக்கலாம்னு மொட்டைமாடிக்குப் போனேன். அங்கேர்ந்து பாத்தா அந்தப் பச்சைக் கேட்டு தெரியும். வாசல்ல நிறையச் செருப்பு கெடந்துச்சு. இவ மட்டும் தனியாப் போயி நின்னு கூப்பிட்டா. சுடலைமணி எந்திரிச்சு வந்தான், அவளுக்குப் பின்னால தெருவைப் பாத்தான். அவன் அம்மா உள்ளயிருந்து கேட்டது எனக்கே கேட்டுச்சு, "எங்க டீச்சரு? கூட்டியாரேன்னியே, எங்க?"

"வரல"ன்னா. அவ்வளவுதான். முட்டு வலின்னு சொல்லியிருக்கலாம். ஊருக்குப் போயிட்டாங்கன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல.

அவன் கொஞ்ச நேரம் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். உள்ள ஆம்பளைகள் கூப்பிட்டாங்க. போயிட்டான். கிழவி தட்டித் தடவி வந்து கதவைச் சாத்தினா. ஜன்னல்ல அந்தப் பிள்ளை தன்ஷிகா ஏறி நின்னு கம்பியைப் பிடிச்சுக்கிட்டு இவளைப் பாத்துச்சு. இவளும் பாத்தா. யாரோ பிள்ளையத் தூக்கிட்டுப் போயிட்டாங்க. இவ இன்னுங் கொஞ்ச நேரம் நின்னுட்டு திரும்பினா. தை மாசம் அவனுக்குக் கல்யாணமாம். சட்டப்படி தப்புதான், ஆனா அவங்களுக்கு யாரு சொல்ல?

நம்ம வீட்டைத் தாண்டித்தான் போகணும் அவ. நான் துணியை நெஞ்சோட பிடிச்சுக்கிட்டுக் கீழ பாத்துக்கிட்டே நின்னேன். அழுவா, மண்ணை வாரித் தூத்துவா, என்னைப் பாத்து ஏதாவது கத்துவான்னு நெனைச்சேன். ஒண்ணும் இல்ல. தலையைக் குனியவே இல்ல. வாய் மட்டும் அசையுது, ஜெபம் பண்ணிக்கிட்டே நேரா நடந்து போனா, ஒரு ராணி மாதிரி. புருஷன் போயி, பிள்ளை போயி, வீடு போயி, அப்படி ஒரு நடை.

எனக்குப் புல்லரிச்சுப் போச்சு ஐயரம்மா. கண்ணுல தண்ணி வந்துட்டு. யாரு என்ன வேணா சொல்லட்டும், கமிட்டி என்ன வேணா எழுதட்டும். நான் வளத்த விசுவாசம் அது.